உரியாவின் பெயர்

மன்னிப்பு என்ற சொல்லை நாம் எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். யாரை யார் மன்னிப்பது என்று கேட்டால்தான் விஷயம் கஷ்டமாகிவிடுகிறது. பைபிளில் தாவீது ராஜாவின் கதையைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை வந்து பிடித்துக்கொள்கிறது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் பருவம். சேனாபதி யோவாப் படையுடன் போய் அம்மோனியரின் ரப்பா நகரத்தை முற்றுகையிடுகிறான். இன்று யோர்தான் தேசத்தின் தலைநகரமாக இருக்கும் அம்மான்தான் அந்த ரப்பா. தாவீது மட்டும் எருசலேமில் தங்கிவிடுகிறான். ஒரு சாயங்காலம் அரண்மனை மாடியில் உலாவும்போது, குளித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் கண்ணில் படுகிறாள். அவள் பத்சேபாள், போர்முனையில் இருக்கும் உரியா என்ற வீரனின் மனைவி. தெரிந்தும் ராஜா ஆள் அனுப்பி அவளை வரவழைக்கிறான். சில நாட்களில், தான் கர்ப்பமாக இருப்பதாக அவள் செய்தி அனுப்புகிறாள்.

தாவீது அவசரமாக உரியாவைப் போர்முனையிலிருந்து அழைத்து, யுத்தம் எப்படி நடக்கிறது என்று குசலம் விசாரித்து, வீட்டுக்குப் போய் இளைப்பாறச் சொல்கிறான். அவன் போகவில்லை. அரண்மனை வாசலில் வேலைக்காரர்களோடு படுத்துக்கொள்கிறான். ஏன் என்று கேட்டால், உடன்படிக்கைப் பெட்டியும் மற்ற வீரர்களும் கூடாரத்தில் இருக்க, சேனாபதி வெட்டவெளியில் கிடக்க, நான் மட்டும் வீட்டில் போய்ச் சுகப்படுவதா என்கிறான். மறுநாள் குடிக்கக் கொடுத்தும் பார்க்கிறார்கள். அப்போதும் அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை.

பிறகுதான் அந்தக் கடிதம். உரியாவைக் கடும்போர் நடக்கும் இடத்தில் முன்னே நிறுத்தி, மற்றவர்கள் பின்வாங்கிவிட வேண்டும் என்று யோவாபுக்கு எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறான் தாவீது. வழியில் அவன் அதைப் பிரித்துப் படிக்கமாட்டான் என்று ராஜாவுக்குத் தெரியும். அவனுடைய யோக்கியதையை நம்பித்தான் அந்தக் கொலையே திட்டமிடப்பட்டது. இதை நினைக்கும்போது எனக்கு உடல் நடுங்குகிறது.

உரியா இறந்தான். துக்கம் முடிந்ததும் பத்சேபாள் அரண்மனைக்கு வந்தாள். எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது என்று ராஜா நினைத்திருந்தபோது, நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொன்னார். ஏராளமான ஆடுமாடுகள் உள்ள பணக்காரன் ஒருவன், ஏழை ஒருவன் மகளைப் போல வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்தாளிக்குச் சமைத்துப் போட்ட கதை. தாவீதுக்குக் கோபம் பொங்கியது. அந்த மனிதன் சாகவேண்டியவன், ஒன்றுக்கு நான்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னான். அந்த மனிதன் நீதான் என்றார் நாத்தான்.

இங்கே தாவீது செய்த காரியம் பெரியது. நாத்தானை வெட்டச் சொல்லி உத்தரவிட்டிருக்கலாம். அவனுக்கு முந்திய ராஜாவான சவுலும் ஒரு சமயம் சாமுவேலின் முன்னால் பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டவன்தான். ஆனால் முதலில் ஜனங்கள்மேல் பழியைப் போட்டான். பிறகு, பெரியவர்கள் முன்னால் என் கௌரவத்தைக் காப்பாற்றும் என்று கெஞ்சினான். தாவீது அப்படி எதுவும் கேட்கவில்லை. பாவம் செய்தேன் என்றான், அதோடு நிறுத்திக்கொண்டான். உன் பாவம் நீக்கப்பட்டது, நீ சாகமாட்டாய் என்று நாத்தானும் சொல்லிவிட்டார். ஆனால் பிறந்த குழந்தை சாகும், பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்றும் சொன்னார். அப்படியே நடந்தது. குழந்தை போயிற்று, அம்னோன் போனான், அப்சலோமும் போனான்.

ஆண்டவனின் கருணைக்கு எல்லையில்லை என்பதற்குப் பிரசங்கிகள் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். சரிதான். ஆனால் உரியா? இந்தச் சமயத்தில் தாவீது பாடியதாகச் சொல்லப்படும் 51-ஆம் சங்கீதத்தில், கடவுள் ஒருவருக்கு எதிராகவே தான் பாவம் செய்ததாகச் சொல்லி அழுகிறான். ஒருவருக்கு மட்டும்தானா? குற்றவாளியும் கடவுளும் தங்களுக்குள் சமாதானம் செய்துகொண்டுவிட்டால், நடுவில் செத்துக் கிடப்பவனின் வழக்கு என்ன ஆவது?

இப்படிக் கேட்க எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. காலேஜில் படித்தபோது ஹாஸ்டலில் என் கைக்கடிகாரம் காணாமல் போயிற்று. சாப்பாடு பரிமாறும் பையன்மீது எனக்குச் சந்தேகம். வாய்விட்டுச் சொன்னேன். அன்று மாலையே அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போகும்போது அவன் அழவில்லை. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனான். பத்து நாள் கழித்து என் பெட்டிக்குள், மடித்து வைத்த வேஷ்டிக்கு நடுவில் கடிகாரம் இருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கோவிலுக்குப் போய்க் கண்ணீர் விட்டேன். விபூதி இட்டுக்கொண்டு வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. அந்த லேசுதான் இன்றைக்கும் எனக்குப் பெரிய பாரமாக இருக்கிறது. சந்நிதியில் அழுத நேரத்தில் பாதியைச் செலவிட்டிருந்தால் அவனைத் தேடிக் கண்டுபிடித்திருக்கலாம்.

இந்த ஓட்டையை இயேசு நன்றாக அறிந்திருந்தார் என்று தோன்றுகிறது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு சமாதானமாகு என்கிறார். எரிகோவில் சகேயு என்ற வரி வசூலிப்பவன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறார். சகேயு எழுந்து நின்று, யாரையாவது ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். அதன் பிறகுதான் இந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்கிறார் அவர். ஆட்டைத் திருடியவன் நான்காகக் கொடுக்க வேண்டும் என்பது மோசேயின் சட்டம். தாவீது பிறனுக்கு விதித்த அபராதத்தைச் சகேயு தனக்குத்தானே விதித்துக்கொள்கிறான்.

சகேயுவுக்குக் கொடுக்க ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். தாவீதுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. செத்தவனுக்கு எதை நான்கு மடங்காகக் கொடுப்பது?

பைபிளை எழுதியவர்கள் இதற்குத் தங்களால் முடிந்ததைச் செய்திருக்கிறார்கள். நாளாகம ஆசிரியர் இந்த விவகாரத்தையே விட்டுவிட்டு ரப்பாவின் வெற்றியை மட்டும் சொல்லிப் போய்விடுகிறார். மற்றவர்கள் விடவில்லை. சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் தாவீதின் பராக்கிரமசாலிகள் முப்பத்தேழு பேரின் பட்டியல் உரியாவின் பெயரோடு முடிகிறது. ராஜாக்கள் புத்தகம் தாவீதை வாயாரப் புகழ்ந்துவிட்டு, உரியாவின் விஷயம் ஒன்று தவிர என்கிறது. கடைசியில் மத்தேயு. இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதும்போது, சாலொமோனின் தாய் உரியாவின் மனைவியாக இருந்தவள் என்று குறிக்கிறார். பத்சேபாளின் பெயர் அங்கே இல்லாதது ஒரு குறைதான். ஆனாலும், கொன்றவனின் வம்சத்தில் கொலையுண்டவனின் பெயர் அழியாமல் நிற்கிறது. உலகத்தை மீட்க வந்தவர் பிறந்ததும் அந்த வம்சத்தில்தான்.

கருணை கணக்கை அழிப்பதில்லை. கணக்கை நேருக்கு நேர் பார்க்கும் தைரியத்தைக் கொடுக்கிறது. தாவீதுக்குக் கிடைத்தது அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நானும் அந்தப் பையனுக்கு அவ்வளவாவது செய்யலாம் என்று பார்க்கிறேன். முடியவில்லை. அவன் பெயர் எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமும் அவனை நாங்கள் ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டோம்.