காலித் திரை

ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையம் கடல் நிலவரம் சொல்லிவருகிறது. அந்த அலை உயர அறிவிப்பைக் கொக்கிலமேடு, தேவனேரி என்று ஊர்வாரியாகக் காட்ட, செங்கல்பட்டு இளைஞர் ஒருவர் மீட்டியார் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பில் செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தரவையெல்லாம் தானாகவே பிரவுசருக்கு அனுப்பும் ‘ஆட்டோபப்ளிஷ்’ இருக்கும்வரை எல்லாம் தெரியும். பாதுகாப்புக்காக அதை நீக்கியதும் திரை காலி. உடனே செயலியின் ரூட்டரைத் திட்டுவார்கள். பாவம், முகவரியைப் பிரித்துக் கொடுப்பதோடு அதன் வேலை சரி.

முதலில் சர்வரின் மோங்கோ தரவுத்தளத்தைப் பாருங்கள், பிறகு பிரவுசரில் அதன் நகலான மினிமோங்கோவை. தரவு அங்கே இருந்தும் இங்கே இல்லையென்றால் கோளாறு அதை அனுப்பும் பப்ளிஷில், அல்லது அதைக் கேட்டு சப்ஸ்கிரைப் செய்த பெயரில். பப்ளிஷ் பங்ஷன் தேடல் விடையைச் சுட்டும் கர்சரையும் தராமல், ‘ரெடி’ என்றும் சொல்லாமல் விட்டால் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். தேவனேரிப் பக்கத்தில் கொக்கிலமேட்டு அலையும் வந்தால், பிரவுசரில் ஊர்ப்பெயரால் வடிகட்டவில்லை என்று பொருள். ஒரு கலெக்‌ஷனுக்கான எல்லா சப்ஸ்கிரிப்ஷன்களின் தரவும் அங்கே ஒரே கலெக்‌ஷனில்தான் விழும்.

இதைவிட மோசம், தரவு வந்துசேருமுன்பே ‘எச்சரிக்கை ஏதுமில்லை’ என்று காட்டும் பக்கம். வலையை ஏற்றிவிட்டு நிற்பவர் அதை நம்பிப் படகைத் தள்ளிவிடுவார். சப்ஸ்கிரிப்ஷன் ரெடி ஆகும்வரை ‘தகவல் இன்னும் வரவில்லை’ என்றுதான் காட்ட வேண்டும்.