மலை வளைவில் கிப்லா

எங்கள் லப்பைக்குடிக்காட்டில் தொழும் திசையான கிப்லாவை யாரும் தேடுவதில்லை. மேற்கே திரும்பி, கொஞ்சம் வடக்கே சாய்ந்தால் முடிந்தது. ஜித்தாவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளோ கிழக்கே பார்த்துத் தொழுகிறார்கள், ஏறக்குறைய எங்களை நோக்கி. இதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

கொல்லம் மெயிலில் மலையேறும்போதுதான் சிக்கல். திருச்சியில் இரவு ஏறினால் செங்கோட்டையில் விடிகாலை. அங்கே பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டி, ஆரியங்காவு குகைக்குள் மெல்ல ஏற்றுவார்கள். 1904இல் போட்ட மீட்டர்கேஜ் பாதை. 2010இல் மூடி, அகலப்படுத்தி 2018இல் திறந்தார்கள். கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம் வருவதற்குள் வண்டி எத்தனை முறை வளைகிறதோ! விடிகாலைத் தொழுகையான சுபுஹு நேரமும் அப்போதுதான். பயணத்தில் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கும் சலுகை சுபுஹுக்குக் கிடையாது. அது இருப்பதே இரண்டுதான்.

இரண்டு பெர்த்துக்கு நடுவே தொழுகை விரிப்பான முஸல்லாவை விரித்தேன். உடன் வந்த மச்சான் போனில் திசைகாட்டியைத் திறந்தார். இரும்புப் பெட்டிக்குள் அந்த முள் சொல்வதை நம்ப முடியாது, நிற்காமல் ஆடியது.

"அல்லாவுக்குத் திசை இல்லேங்கிறோம். பிறகு எதுக்கு மச்சான் இவ்வளவு திண்டாட்டம்?" என்றார்.

நியாயமான கேள்வி. அவனுக்குத் திசை இல்லை, நமக்கு இருக்கிறது. உடம்பு என்று ஒன்று இருந்தால் அது ஏதோ ஒரு பக்கம் பார்த்துத்தான் நிற்கும். அந்தப் பக்கத்தை என் வசதிக்கு விடாமல், ஊர் உலகமெல்லாம் பார்க்கும் பக்கமாக வைத்தது சட்டம். அதே சட்டம் முடியாததைக் கேட்கவும் இல்லை. விசாரித்து, யோசித்து ஒரு திசையை முடிவு செய்து தொழுதவர், அது தவறு என்று பிறகு தெரிந்தாலும் திருப்பித் தொழ வேண்டியதில்லை என்பது ஹனபி மத்ஹபு. கப்பலில் தொழுபவர், கப்பல் திரும்பினால் தாமும் திரும்ப வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். ரயிலுக்கும் அதுவே வழி. ஹிஜ்ரி 2இல் கிப்லா ஜெருசலேமிலிருந்து மக்காவுக்கு மாறிய செய்தி மதீனாவை அடுத்த குபாவுக்கு எட்டியபோது, அங்கே சுபுஹுத் தொழுகை நடந்துகொண்டிருந்தது. தொழுகையை முறிக்காமல் அப்படியே திரும்பிக்கொண்டார்கள்.

நானும் ஸலாம் கொடுப்பதற்குள் இரண்டு தடவை திரும்பினேன். மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கொல்லம் சேர்ந்து, அன்று மதியம் வர்க்கலையில் செம்பாறைக் குன்று செங்குத்தாகக் கடலில் இறங்கும் இடத்தில் நின்றோம். கீழே பாபநாசம் கரையில், கடலைப் பார்த்து உட்கார்ந்து முன்னோருக்குப் பலிதர்ப்பணம் செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் கிப்லாவும் அந்தக் கடலுக்கு அப்பால்தான்.

திசை சரியாக அமையாது என்று சொல்லி, கொல்லத்தில் இறங்கித் தொழுதுகொள்ளலாம் என்பவர்களை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்டி கொல்லம் சேரும்போது வெயில் ஏறியிருக்கும், நேரம் தப்பி சுபுஹு களாவாகிவிடும்.