ஆரம்ப இருப்பு

ஏமாற்று என்பது செயலில் இருக்கிறதா, செயலை மறைப்பதில் இருக்கிறதா? இந்தக் கேள்வி எனக்குத் தத்துவ நூல் எதிலிருந்தும் வரவில்லை. அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைத்துப் பெரும்பாலும் கையால் ஆடுகிற ஒரு விளையாட்டில், பந்துக்குள் இருந்த காற்றைப் பற்றி எழுந்த ஒரு வழக்கிலிருந்து வந்தது.

2015 ஜனவரி 18 அன்று மாஸசூஸட்ஸ் மாநிலத்தின் ஃபாக்ஸ்பரோவில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியும் ஆடின. வென்றவர்களுக்கு இறுதிப் போட்டி. அந்த விளையாட்டில் ஒவ்வோர் அணியும் தான் தாக்கி ஆடும்போது தன் பந்துகளையே பயன்படுத்துகிறது. பந்தின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12.5 பவுண்டுக்கும் 13.5 பவுண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. காற்று சற்றுக் குறைந்த பந்து பிடிக்கு இணங்கும்; ஈரத்திலும் நழுவாது என்பார்கள். இடைவேளையில் பேட்ரியட்ஸின் 11 பந்துகளை அளந்தார்கள். பதினொன்றும் 12.5க்குக் கீழே இருந்தன.

சந்தேகத்துக்கு வேறு தீனியும் கிடைத்தது. ஆட்டத்துக்கு முன் நடுவர்களின் அறையிலிருந்து பந்துப் பைகளை எடுத்துப்போன ஊழியர், வழியில் ஒரு கழிப்பறைக்குள் நுழைந்து ஏறத்தாழ 1 நிமிடம் 40 விநாடி இருந்தது காமிராவில் பதிவாகியிருந்தது. முந்தைய ஆண்டு அனுப்பிய ஒரு செய்தியில் அவர் தன்னைக் காற்றிறக்குபவன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தியவர் டாம் பிரேடி. விசாரணை நடந்துகொண்டிருந்தபோது அவருடைய கைத்தொலைபேசி அழிக்கப்பட்டது. பழையதை அப்படிச் செய்வது தன் வழக்கம் என்றார்.

பௌதிகமோ இன்னொன்று சொல்கிறது. மானி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேற்பட்ட உபரி அழுத்தத்தை மட்டும்தான். குளிரில் இறங்குவதோ மொத்த அழுத்தம். 71 டிகிரி ஃபாரன்ஹீட் அறையில் 12.5 பவுண்டுக்கு நிரப்பிய பந்து 48 டிகிரிக்குக் குளிர்ந்தால், யாரும் தொடாமலே 11.3 பவுண்டுக்கு வந்துவிடும். இடைவேளையில் இரண்டு மானிகளால் அளந்தார்கள். ஒன்றின் சராசரி 11.49, மற்றதன் சராசரி 11.11. எதிரணியின் பந்துகளில் நான்கைத்தான் அளக்க நேரமிருந்தது. அவற்றிலும் மூன்று, ஒரு மானியின்படி 12.5க்குக் கீழே.

ஆக, எல்லாம் ஆட்டத்துக்கு முன் பந்தில் எவ்வளவு இருந்தது, அதை எந்த மானி சொன்னது என்பதில் வந்து நிற்கிறது. நடுவர் அளந்தார், ஆனால் எண்களை எழுதி வைக்கவில்லை. எந்த மானியால் அளந்தோம் என்பதும் நினைவிலிருந்து சொன்னதுதான். அவர் நினைவில் இருந்த மானியை ஏற்றால் குளிரே பெரும்பாலானதை விளக்கிவிடுகிறது. மற்றதை ஏற்றால் விளக்கவில்லை. விசாரணை அறிக்கை அவருடைய மற்ற நினைவுகளை ஏற்றுக்கொண்டது, இந்த ஒன்றை மட்டும் ஏற்கவில்லை.

நான் வங்கியில் குமாஸ்தா. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு விளையாட்டு மறந்துவிட்டது. முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில், காலை நெரிசலில், சக காசாளர் நீட்டிய நோட்டுக் கட்டை எண்ணாமல் வாங்கிக்கொண்டேன். மாலையில் இரண்டாயிரம் ரூபாய் குறைந்தது. என் பையிலிருந்து கட்டினேன். கட்டு காலையிலேயே குறைவாக இருந்ததா, நான் யாருக்காவது கூடுதலாகக் கொடுத்துவிட்டேனா என்பது தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. ஆனால் அவரைச் சந்தேகித்தேன். அவர் என் மகளின் பிறந்தநாளுக்கு வந்தபோதும், ஓய்வுபெற்று விடைபெற்றபோதும் அந்தக் கட்டு எங்களிருவருக்கும் நடுவில் இருந்தது. அவருக்கு அது தெரியுமோ என்னவோ.

பி.ஏ.யில் ஒதெல்லோ படித்தபோது ஒரு கைக்குட்டைக்காக ஒருவன் மனைவியைக் கொல்வது நாடக மிகை என்று நினைத்திருக்கிறேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. சந்தேகம் தனக்கு ஒரு பொருளைத் தேடுகிறது. கிடைத்ததும் அந்தப் பொருள், சந்தேகம் ஏற்கெனவே சொன்னதையே திருப்பிச் சொல்கிறது. பந்துகள் இரண்டு பவுண்டு குறைந்திருந்தன என்று முதலில் பரவிய செய்தி தவறு. ஆனால் திருத்தம் வருவதற்குள் அந்த எண் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

2015 மே மாதம் வந்த 243 பக்க அறிக்கையின் முடிவு, பந்துகளில் வேண்டுமென்றே காற்று இறக்கப்பட்டது என்பதற்கும், பிரேடி அதைப் பொதுவாகவேனும் அறிந்திருந்தார் என்பதற்கும் வாய்ப்பு அதிகம் என்பதே. அந்த வாய்ப்பின் பேரில் அவருக்கு நான்கு ஆட்டத் தடை. அணிக்குப் பத்து லட்சம் டாலர் அபராதம், புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு முறைகளும் பறிபோயின. செப்டம்பரில் ஒரு நீதிபதி தடையை ரத்து செய்தார். 2016 ஏப்ரலில் மேல்முறையீட்டு மன்றம் இருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் அதை மீண்டும் நிலைநிறுத்தியது. அந்த மன்றம் பந்தில் காற்று இறக்கப்பட்டதா என்று தீர்ப்புச் சொல்லவில்லை. ஒப்பந்தப்படி லீகின் ஆணையருக்குத் தண்டிக்க அதிகாரம் உண்டு என்றுதான் சொன்னது. உண்மை எது என்ற கேள்விக்கு அதிகாரம் யாருடையது என்ற பதில் கிடைத்தது.

பேட்ரியட்ஸ் தரப்பு வாதமும் எனக்கு உவப்பாக இல்லை. இடைவேளையில் பந்துகளுக்குக் காற்றேற்றிய பிறகுதான் அவர்கள் 28 புள்ளிகள் எடுத்தார்கள், 45-7 என்று வென்றார்கள், ஆகவே காற்றால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்பது அந்த வாதம். ஏமாற்றுக்கு அதன் லாபம் அளவுகோல் அல்ல. இதே விளையாட்டில் கையில் பிசின் பூசிக்கொண்டு பந்தைப் பிடித்தவர்கள் உண்டு. 1981இல் அது தடை செய்யப்பட்டது. அதற்கு முன் எல்லோரும் பார்க்கப் பூசியவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. பின்னர் ஒளித்துப் பூசியவரை வேறு பெயரால் அழைக்கவும் முடியாது. பிசின் ஒன்றுதான், மாறியது உடன்பாடும், அதற்குப் பயந்து ஒளிக்க நேர்ந்ததும். ஆகவே குற்றம் என்று ஒன்று இருந்தால் அது காற்றில் இல்லை, அந்த மூடிய கதவுக்குப் பின்னால் இருந்தது. கதவுக்குப் பின்னால் நடந்ததை அளக்கும் மானியோ யாரிடமும் இல்லை.

அப்படியானால் சந்தேகிக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தேகிப்பதற்கும் ஒரு தகுதி வேண்டும். 2007இல் இதே அணி எதிரணியின் சைகைகளைப் படம்பிடித்து அகப்பட்டபோது, அந்த நாடாக்களை லீகே அழித்தது. 2015 பருவத்தில் அங்கங்கே பந்துகளைச் சோதித்த லீக், அந்த எண்களை வெளியிடவில்லை. குளிரில் எல்லா அணிகளின் பந்துகளும் எவ்வளவு இறங்கின என்று அவை சொல்லியிருக்கக்கூடும். தொலைபேசியை அழித்தவனைத் தண்டிக்கும் ஸ்தாபனம் தன் நாடாக்களையும் எண்களையும் பற்றி என்ன சொல்லும்?

காலையில் ஆரம்ப இருப்பை எழுதாதவனுக்கு மாலையில் குறைவைப் பற்றிப் பேச உரிமை இல்லை. இது வங்கி விதி மட்டுமல்ல என்றுதான் இப்போது நினைக்கிறேன். நம்புகிறவன் எண்ணாமல் வாங்கலாம். ஆனால் எண்ணாமல் வாங்கியதற்கான பொறுப்பும் அவனுடையதே. பிறகு அதைப் பிறர் தலையில் கட்ட முடியாது. இரண்டாயிரம் ரூபாயை அன்றே கட்டிவிட்டேன். அந்த மனிதருக்கு நான் செலுத்த வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.