உடும்பும் படக்கருவியும்

கொல்லாமை நமது பஞ்சசீலத்தின் முதற் சீலம். காட்டுயிரைக் கொல்லாது, அதன் உருவை மட்டும் படக்கருவியில் பதித்துவருபவன் அச்சீலத்தை முற்றக் காத்தவன் ஆவனோ? இது நாம் ஆராயத்தக்க வினா.

உல்லாஸ்நகர், கல்யாண் வட்டாரத்துப் புதர்க்காடுகளிலும் குன்றுகளின் அடிவாரத்திலும் உடும்புகள் வாழ்கின்றன. மராத்தியர் அதனைக் 'கோர்பட்' என்பர். வாலுட்பட ஐந்தடிக்கு மேலும் வளரக்கூடிய அப்பிராணி வண்டு, தவளை, எலி முதலியவற்றை உண்டு வாழ்வது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் காக்கின்றது. ஆயினும் இறைச்சிக்காக அதனைக் கொல்வோர் உளர். ஆண் உடும்பின் குறியை உலர்த்தி, 'ஹத்தா ஜோடி' என்னும் அதிர்ஷ்ட வேர் எனக் கூறி விற்கும் வஞ்சகம் 2017இல் ஆய்வாளர்களால் வெளிப்பட்டது. இவற்றின் முன் படமெடுத்தல் குற்றமற்றதாகவே தோன்றும்.

போதிசத்துவர் உடும்பாய்ப் பிறந்த கதையைக் கோத ஜாதகம் கூறுகின்றது. புற்றில் வாழ்ந்த அவ்வுடும்பு, அருகிலிருந்த நல்ல தவசியை நாடோறும் வணங்கிவந்தது. அவர் சென்றபின் வேறொருவன் அங்குக் குடியேறினான். உடும்பிறைச்சியின் சுவையறிந்த அவன், துவராடைக்குள் தடியை மறைத்து அதன் வரவை எதிர்நோக்கியிருந்தான். உடும்போ அவன் கருத்தை உணர்ந்து தப்பியது. ஆடை மாறவில்லை, உள்ளம் மாறியிருந்தது.

படக்கருவியும் அவ்வாடை போன்றதே. எண்ணத்தையே வினை என்றார் ததாகதர். புற்றைக் கோலால் குத்தி வெளியேற்றுபவனும், வாலைப் பற்றி நிறுத்துபவனும் கொல்லவில்லை. ஆயினும் வேட்டுவனின் உள்ளத்தை விட்டாரல்லர். உடும்பு தன் உடல் வெப்பத்தை வெயிலிலிருந்தே பெறுவது. காலை வெயில் காயும் அதனை விரட்டுவது அதன் உணவு தேடும் பொழுதைப் பறிப்பதாகும். படத்துடன் இடத்தையும் பறைசாற்றுவோமாயின், வேட்டுவனுக்கு வழிகாட்டியவரும் ஆவோம்.

தாராவியின் சந்துகளைக் காட்சிப்பொருளாக எண்ணிப் புறத்தார் சிலர் கேளாமலே படமெடுத்துச் செல்வதை நம் மக்கள் அறிவர். அடி ஒன்றும் விழவில்லை. ஆயினும் ஏதோ ஒன்று பறிபோயிற்று என்பதை நாம் உணர்ந்துள்ளோம். நமக்கேனும் 'வேண்டா' என்று சொல்ல வாயுண்டு. வாயில்லா உயிரிடம் நாம் எவ்வாறு நடத்தல் வேண்டும்?

இங்கு வழிகாட்டுவது இரண்டாம் சீலம்: கொடாததைக் கொள்ளாமை. உடும்பு ஓடினால் அது மறுத்துவிட்டது. தலையுயர்த்தி அசைவற்று நிற்பதும், உடலை ஊதிச் சீறுவதும் அவ்வாறே மறுப்பாம். தொலைவில் நின்று, அதன் செயல் மாறாதவாறு எடுத்த படம் நன்மையும் பயக்கும். அதைக் காண்போர், இது கடித்து நஞ்சேற்றிக் கொல்லும் பிராணி என்னும் அச்சம் நீங்கி, தடியைக் கீழே வைப்பர்.

ஆதலின் அன்பர்காள், படமெடுக்குமுன் கருவியை மட்டுமன்று, உள்ளத்தையும் சோதிப்போமாக. படமின்றி வெறுங்கையோடு திரும்பும் மனம் இருப்பின், நம்மிடம் மறைத்த தடி இல்லை என்க.