செஞ்சோற்றுக் கடன், இரண்டு இரவு மூன்று பகல்

மால் ஒன்றில் கூப்பன் நிரப்பிப் போட்டதன் பலன்: ஏற்காட்டில் பாதி விலைக்கு இரண்டு இரவு, மூன்று பகல். ஒரே நிபந்தனை, தம்பதியாக உட்கார்ந்து 90 நிமிடம் உறுப்பினர் திட்டத்தைக் கேட்க வேண்டும். வாங்குவதில்லை என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தோம். அப்படியென்றால் ஏமாற்றுவது யார்? சேலம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே கேள்விதான்.

பரிசு சும்மா வருவதில்லை, திருப்பித் தரும் கடமையோடுதான் வருகிறது என்று 1925லேயே மார்செல் மோஸ் எழுதிவிட்டார். நம்மிடம் அதற்கு இன்னும் பழைய பெயர் உண்டு: செஞ்சோற்றுக் கடன். கர்ணன் உயிரையே கொடுத்தான். நான் மூன்று லட்சம் கொடுக்க வேண்டுமா?

மறுநாள் எதிரே உட்கார்ந்த பையனிடம், "தம்பி, நாங்க வாங்கப் போறதில்ல" என்றேன்.

"பரவால்லண்ணா, 90 நிமிஷம் உக்காருங்க. இல்லன்னா எனக்குக் கணக்குல வராது."

லேப்டாப்பை மூடிவிட்டு ஊர்க்கதை பேசினான். "போன வாரம் மழை பெஞ்சுச்சு. பின்னாடி எஸ்டேட்ல காப்பி பூத்திருக்கு. அண்ணியக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க."

சரிவு முழுக்க வெள்ளை. மல்லிகை மாதிரி வாசம். மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்குக் கீழே பேசாமல் நின்றோம். சில நாளில் வாடிவிடும் பூ. எந்த விளம்பரத்திலும் அது இல்லை.

நிறுவனத்துக்கு நான் கடன்பட்டவனில்லை. வேண்டாம் என்பவர்களையும் சேர்த்துத்தான் அது கணக்குப் போட்டிருக்கும். அந்தக் கணக்கில் இல்லாத ஒன்றைத் தந்தவன் பையன்தான். என் கடன் அங்கே.

கிளம்பும்போது, பூ பார்த்தோம் என்று சொல்லப் போனேன். அடுத்த தம்பதியின் முன் லேப்டாப்பைத் திறந்துகொண்டிருந்தான்.