பல்லுக்குள் உயிர் இருக்கிறதா?

குளிர் பட்டதும் கடைவாய்ப்பல் சுரீரென்கிறது. குளிரை எடுத்த பிறகும் வலி அடங்கவில்லை. பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாயும் கொண்ட திசுவான பற்கூழ் இனித் தேறாது, ரூட் கெனால்தான் வழி என்பது நெடுங்காலமாக இதற்குச் சொல்லப்பட்ட தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு சொல்பவர் அந்தக் கூழைக் கண்ணால் பார்க்கவில்லை. வலியை வைத்து அழிவை ஊகிக்கிறார்.

புகையைக் கண்டு நெருப்பை அறிவதைக் கருதல் என்பார்கள். அருணந்தி சிவாசாரியாரின் ‘சிவஞான சித்தியார்’ ஏற்கும் காட்சி (நேரே காண்பது), கருதல், உரை என்ற மூன்று அளவைகளில், அதாவது அறியும் வழிகளில், அது ஒன்று. புகைக்கும் நெருப்புக்கும் உள்ள தொடர்பு பிறழாதவரைதான் அது செல்லும். பல்லில் பிறழ்கிறது. குளிர்ச் சோதனை நரம்பின் உணர்ச்சியைச் சொல்லும். இரத்த ஓட்டத்தைச் சொல்லாது. கூழ் முழுதும் செத்த பல் வலியே இல்லாமல் இருக்கலாம். துடிக்க வைக்கும் பல்லின் வேர்க்கூழ் நலமாகவும் இருக்கலாம்.

1965இல் அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் எலிகளின் பற்களைத் துளைத்து, கூழை மூடாமலே விட்டார்கள். சாதாரண எலிகளில் அது அழுகியது. கிருமியில்லாச் சூழலில் வளர்ந்த எலிகளிலோ, துளைக்குள் இரை அடைத்துக் கிடந்தபோதும், பல்லின் கடினத் திசுவான டென்டின் புதிதாக வளர்ந்து காயத்தை மூடியது. கூழைக் கொல்வது காயமல்ல, கிருமி.

ஸ்வீடனில் மியோமிர் செவெக் 1978இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. அடிபட்டு உடைந்து, கூழ் வெளியே தெரிந்த 60 முன்பற்கள். சிலவற்றில் அது வாரக்கணக்கில் திறந்து கிடந்தது. மேற்பகுதியை மட்டும் மெல்ல நீக்கி, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்தார். 58 பற்கள் ஆறின.

ஆகவே இன்று பல மருத்துவர்கள் திறந்து பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். மேற்கூழை நீக்கி, ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை வைத்துச் சில நிமிடம் காத்திருக்கிறார்கள். இரத்தம் நின்றால் மிச்சக் கூழை எம்டிஏ சிமென்ட்டால் மூடுகிறார்கள். நிற்காவிட்டால் ரூட் கெனால். கருதல் காட்சிக்கு இடம் கொடுக்கும் கணம் இது. மீளாது என்று முன்கூட்டியே முடிவுகட்டி உயிருள்ள திசுவைச் சுரண்டி எடுப்பதைவிட, இது நேர்மையான வழி.

ஆனால் பிழைத்தது என்று எப்போது சொல்வது? வலி நின்றது சாட்சியாகாது. செத்த பல்லும் வலிக்காது. மேற்கூழ் முழுவதையும் எடுத்த பல்லில் குளிர்ச் சோதனைக்கும் வேலையில்லை. ஆறு மாதம், ஓராண்டு, பிறகும் ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்து, வேர்நுனி எலும்பில் கருநிழல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே மருத்துவர் மறுபடியும் கருதலைத்தான் நம்புகிறார். சிகிச்சைக்கு முன்பே நோயாளியிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.