தலைக்கு ஒன்று என்னும் கணக்கு

2004 மக்களவைத் தேர்தலில் கேரளத் தலைநகர்ப் பகுதியான கழக்கூட்டத்துக்காரர்கள் சிறயின்கீழ் தொகுதியில் வாக்களித்தார்கள். 2009-இல் அதே வீடுகளில் இருந்தபடியே திருவனந்தபுரம் தொகுதி வாக்காளர்கள் ஆகிவிட்டார்கள். இடையில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையத்தின் உத்தரவு 2008-இல் நடைமுறைக்கு வந்திருந்தது. சிறயின்கீழ் மக்களவைத் தொகுதி மறைந்து ஆற்றிங்கல் பிறந்தது. திருவனந்தபுரம் நகரில் வடக்கு, கிழக்கு, மேற்கு என்றிருந்த மூன்று சட்டமன்றத் தொகுதிகள் வட்டியூர்க்காவு, திருவனந்தபுரம் என இரண்டாகச் சுருங்கின. மலப்புறம் மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் 12-இலிருந்து 16 ஆயின. பத்தனம்திட்டாவில் 8 இருந்தது 5 ஆனது.

கேரளத்தின் மொத்தம் மட்டும் அசையவில்லை. மக்களவைக்கு 20, சட்டமன்றத்துக்கு 140. மாநிலங்களுக்கு இடையிலான இடப் பங்கீட்டை 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைத்தது 1976-இன் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். 84-ஆவது திருத்தம் அந்த நிறுத்தத்தை, 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. அதன் விளைவை 2011 கணக்கிலேயே பார்க்கலாம். கேரளத்தில் ஒரு மக்களவை உறுப்பினருக்கு ஏறத்தாழ 16.7 லட்சம் மக்கள். உத்தரப் பிரதேசத்தில் 25 லட்சம். பீகாரில் 26 லட்சம். 543 இடங்களை அந்தக் கணக்கின்படி அப்படியே பங்கிட்டால் கேரளத்துக்குக் கிடைப்பது சுமார் 15.

இதைக் கட்சிகளின் லாப நட்டமாகவே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் அடியில் கிடப்பது அறம் பற்றிய கேள்வி. ஒரு மனிதனுக்கு ஒரு மதிப்பு என்பது எங்கிருந்து வருகிறது? மனிதர்களை எண்ணி முடித்தால் நீதியும் முடிந்துவிடுகிறதா?

முதல் கேள்விக்குத் திருவனந்தபுரத்தைச் சுற்றியே விடை தேடலாம். 1888-இல் நெய்யாற்றங்கரைக்கு அருகே அருவிப்புறத்தில், ஒடுக்கப்பட்ட ஈழவர் சமூகத்தைச் சேர்ந்த ஸ்ரீநாராயண குரு சிவனைப் பிரதிஷ்டை செய்தார். சாதி பேதமோ மதத் துவேஷமோ இன்றி எல்லோரும் உடன்பிறந்தார்போல் வாழும் இடம் அது என்று அங்கே எழுதிவைக்கப்பட்டது. அதே ஆண்டு தலைநகரில் திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள், எட்டே உறுப்பினர்கள் கொண்ட சட்டமன்றக் குழுவை அமைத்தார். அருவிப்புறம் எல்லோரையும் எண்ணியது. அந்தக் குழுவிலோ பெரும்பாலோருக்கு இடமே இல்லை. அந்த இடைவெளியைக் கடப்பதுதான் அடுத்த அரை நூற்றாண்டின் திருவிதாங்கூர் வரலாறு. 1910-களின் தொடக்கத்தில் புலையர் தலைவர் அய்யன்காளி, திருவிதாங்கூரின் மக்கள் அவையான பிரஜா சபைக்குள் நுழைந்து புலையர்களுக்கு நிலமும் பள்ளியும் கேட்டார். 1932-இல் புதிய சட்டமன்றச் சீர்திருத்தம் வந்தபோது, வாக்குரிமை நிலவரியோடு பிணைக்கப்பட்டிருந்ததால் ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஒன்றுசேர்ந்து நிவர்த்தனப் போராட்டம் நடத்தித் தேர்தலிலிருந்து விலகி நின்றார்கள். மக்கள்தொகைக்கு ஏற்ற பிரதிநிதித்துவம் வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவராக 1935-இல் கோழஞ்சேரிப் பேச்சுக்காகச் சிறை சென்ற சி. கேசவன், பின்னாளில் திருவிதாங்கூர்–கொச்சியின் முதலமைச்சர் ஆனார்.

ஆகவே, தலைகளை எண்ணிப் பங்கிடு என்பது வடக்கிலிருந்து வந்து இறங்கிய கட்டளை அன்று. இந்த மண்ணின் ஒடுக்கப்பட்டவர்கள் உரிமையாகக் கேட்டு வாங்கிய கணக்கு அது. பத்தனம்திட்டா இழந்து மலப்புறம் பெற்றதும் அதே கணக்கின்படிதான். மாநிலத்துக்குள் நியாயமாக இருப்பது, நாட்டளவில் மட்டும் எப்படி அநியாயம் ஆகும்?

தெற்கில் வழக்கமாகச் சொல்லப்படும் பதில், குடும்பக் கட்டுப்பாட்டில் நாங்கள் நன்றாக நடந்துகொண்டோம், அதற்குத் தண்டனையா என்பது. 1971 ஜூலையில் எறணாகுளத்தில் ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமார் நடத்திய முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டது உண்மை. என்றாலும் இந்த வாதம் அறத்தின் முன் முழுதாக நிற்பதில்லை. கேரளத்தில் பிறப்பு விகிதம் குறைந்ததற்குப் பெண்கல்வியும் குழந்தைகளைப் பிழைக்கவைத்த மருத்துவமனைகளும் பெரிய காரணங்கள். அந்தத் தாய்மார்கள் தங்களுக்காகவும் தங்கள் மகள்களுக்காகவும் எடுத்த முடிவு அது. அதன் பலனும் அவர்களுக்குக் கிடைத்தது. பள்ளியே எட்டாத பீகார் கிராமத்தில் ஐந்தாவதாகப் பிறந்த குழந்தை என்ன பிழை செய்தது? பிறப்பைக் காரணம் காட்டி ஒருவரின் மதிப்பைக் குறைப்பதைத்தான் அருவிப்புறம் மறுத்தது.

வலுவான வாதம் வேறு. 1976 ஏப்ரலில் அன்றைய சுகாதார அமைச்சர் கரண் சிங் வெளியிட்ட தேசிய மக்கள்தொகைக் கொள்கை, பிறப்பைக் கட்டுப்படுத்தும் மாநிலங்கள் அதனால் பிரதிநிதித்துவம் இழக்கக் கூடாது என்று உறுதி தந்தது. அவசரநிலைக் காலத்து உறுதி என்று அதை ஒதுக்கிவிடவும் முடியாது. கால் நூற்றாண்டுக்குப் பின், மக்கள் தேர்ந்தெடுத்த வேறொரு நாடாளுமன்றம் 84-ஆவது திருத்தத்தால் அதைப் புதுப்பித்தது. ஒரு தலைமுறை அதை நம்பி நடந்திருக்கிறது. அதைக் கைவிடுவதானால், ஈடாக என்ன தரப்படும் என்று சொல்லும் கடமை கைவிடுபவருக்கு உண்டு.

இன்னொன்று, மாநிலம் என்பது மாவட்டத்தைப் போன்ற நிர்வாகப் பிரிவு மட்டும் அல்ல. இதைக் கன்னியாகுமரித் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது கூடுதல் தொகுதிகளுக்காக அல்ல. தங்கள் மொழி பேசும் சட்டமன்றத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. 1954 ஆகஸ்ட் 11-இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-இல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஓடும் எல்லையின் இரு பக்கமும் இரண்டு அரசியல் சமூகங்கள் இருக்கின்றன. தலைகளை மட்டும் எண்ணும் கணக்கில் அந்தச் சமூகங்கள் விழுவதில்லை.

மனிதனுக்கும் சமூகத்துக்கும் உரியதை ஒரே அவையில் தேடுவதால்தான் சிக்கல். அமெரிக்கா கீழவையை மக்கள்தொகைக்கு ஏற்பவும் செனட்டை மாநிலத்துக்கு இருவர் என்றும் பிரித்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் ஜெர்மனிக்கு 96, மால்டாவுக்கு 6 என்று இடைவழி கண்டது. இந்தியாவிலோ மாநிலங்களவையும் மக்கள்தொகையையே பின்பற்றுகிறது: உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, கேரளத்துக்கு 9. இந்த அவை மாநிலங்களின் அவையாக உண்மையிலேயே மாறினால், மக்களவையில் பீகார்க் குழந்தைக்கு உரியதை மறுக்கவேண்டிய தேவை தெற்குக்கு இருக்காது.

2025 மார்ச் 22-இல் மு.க. ஸ்டாலின் சென்னையில் கூட்டிய கூட்டத்தில் பினராயி விஜயனும் கலந்துகொண்டார். இடப் பங்கீட்டின் நிறுத்தத்தை மேலும் 25 ஆண்டுகள் நீட்டும்படி அந்தக் கூட்டம் கேட்டது. பேரம் பேச அவகாசம் வாங்கும் வழியாக அது புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் அந்த அவகாசத்தை மாநிலங்களவைச் சீர்திருத்தத்துக்குச் செலவிடாவிட்டால், இன்று பிறக்கும் ஒரு வட இந்தியக் குழந்தை குறைந்த மதிப்புள்ள வாக்கோடுதான் வாலிப வயதை அடையும்.

கேரளம் தன் வாதத்தின் நேர்மையை வீட்டிலேயே காட்டவும் வாய்ப்பிருக்கிறது. பீகார், வங்காளம், அசாமிலிருந்து வந்து இங்கே கட்டடம் எழுப்பும் தொழிலாளர்களைக் கணக்கெடுப்பு இந்த மாநிலத்து மக்களாக எண்ணும்; தொகுதிப் பங்கீட்டிலும் அவர்கள் சேர்வார்கள். வழக்கமாக வசிக்கும் இடத்தில் வாக்காளராகப் பதிவுசெய்துகொள்ளச் சட்டம் அவர்களுக்கு இடம் தருகிறது. கழக்கூட்டத்து வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர்களைச் சேர்க்கும் வேலையைக் கட்சிகளும் உள்ளாட்சிகளும் அடுத்த மறுவரையறைக்கு முன்பே தொடங்கலாம்.